ராபர்ட் கே. கிரீன்லீஃப்

ராபர்ட் கீஃப்னர் கிரீன்லீஃப் (சூலை 14, 1904 – செப்டம்பர் 29, 1990) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மேலாண்மை ஆய்வாளரும் ஆலோசகரும் எழுத்தாளரும் ஆவார். ஏ.டி. அண்ட் டி. எனப்படும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் 38 ஆண்டுகள் பணியாற்றி, அங்கு மேலாண்மை ஆய்வு இயக்குநராக ஓய்வு பெற்றார். அதன் பின்னர் கல்லூரிகள், அறக்கட்டளைகள், வணிக நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு ஆலோசகராக விளங்கினார். 1970 இல் இவர் வெளியிட்ட கட்டுரையின் வழியாகவே தொண்டுத் தலைமை என்னும் கருத்து மேலாண்மைத் துறையில் இடம்பெற்றது. தலைவர் ஒருவரின் தகுதியை அவருடைய வெற்றிகளைக் கொண்டு அளக்காமல், அவருக்குக் கீழே பணிபுரிவோர் என்னவாக ஆகின்றனர் என்பதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது அக்கருத்தின் சாரம்.

இளமையும் கல்வியும்

கிரீன்லீஃப் இன்டியானா மாநிலத்தின் டெர ஹோட் நகரில் பிறந்தார். தொழிற்சங்கத் தலைவர் யூஜீன் டெப்சின் சொந்த ஊரும் அதுவே. இவருடைய தந்தை ஜார்ஜ் கிரீன்லீஃப் ஓர் இயந்திரப் பணியாளர். உள்ளூர்ப் பொது வாழ்விலும் ஈடுபட்டவர். பதவியோ செல்வமோ இன்றியே ஊருக்குப் பயன்பட வாழ்ந்த தம் தந்தையையே தொண்டுக்கான முதல் முன்மாதிரியாகக் கிரீன்லீஃப் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

மினசோட்டா மாநிலத்திலுள்ள கார்ல்டன் கல்லூரியில் படித்தபோது, சமூகவியல் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் கூறிய கருத்து இவருடைய வாழ்க்கைப் பாதையைத் தீர்மானித்தது. நாடு பெருநிறுவனங்களின் நாடாக மாறி வருகிறது; தேவாலயம், அரசு, பல்கலைக்கழகம், வணிகம் ஆகிய அனைத்துமே பெரிதாகிவிட்டன; ஆனால் அவை மக்களுக்கு நன்றாகப் பணி செய்யவில்லை; வெளியிலிருந்து குறை கூறுவதால் பயன் சிறிதே; உள்ளே நுழைந்து மாற்ற முயல்பவர்கள் தேவை என்பது அப்பேராசிரியரின் கருத்து. கிரீன்லீஃப் இதை எழுத்துப்படியே பின்பற்றினார். நாட்டிலேயே மிகப் பெரிய நிறுவனம் எது எனத் தேடி, 1926 இல் பட்டம் பெற்றதும் அதில் சேர்ந்தார்.

தொலைபேசி நிறுவனத்தில்

அவர் சேர்ந்த நிறுவனம் அக்காலத்தில் 'பெல் குழுமம்' என அறியப்பட்டது. உள்ளூர்த் தொலைபேசி நிறுவனங்கள், நெடுந்தொலைவு இணைப்புகள், கருவிகளைத் தயாரிக்கும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகங்கள் ஆகியவை அதன் உறுப்புகள். ஓகையோ மாநிலத்தில் தொலைபேசிக் கம்பங்களுக்குக் குழி தோண்டும் குழுவில் கிரீன்லீஃபின் பணி தொடங்கியது. கல்லூரிப் பட்டம் பெற்ற ஒருவர் அங்கிருந்து தொடங்கியது, பின்னர் அவர் எழுதிய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வகையில் தெரிகிறது எனலாம்.

ஓராண்டுக்குள் அவரிடம் வேறொரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. கம்பிப் பணி, பழுதுநீக்கப் பணி போன்றவற்றில் பல ஆண்டு அனுபவம் கொண்ட மேற்பார்வையாளர்களைச் சிறு குழுக்களாக அமர்த்தி, அவர்களுடைய அன்றாடச் சிக்கல்களைப் பற்றி உரையாட வைப்பது அப்பணி. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞரால் அவர்களுக்குக் கற்பிக்க ஏதுமில்லை. கேள்வி கேட்டு, வந்த விடைகளைக் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே அவரால் இயன்றது. தம் தொழில்வாழ்வில் தமக்குக் கிடைத்த சிறந்த கல்வி இதுவே என அவர் பின்னாளில் கருதினார். 1929 இல் நியூயார்க்கிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு மாற்றப்பட்டு, ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார்.

கிரீன்லீஃபின் பதவி எத்தகையது என்பதை இங்கு விளக்குவது தேவை. தொழிற்சாலை ஒன்றையோ வட்டார நிறுவனம் ஒன்றையோ நடத்தும் அதிகாரம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், பயிற்றுவித்தல், மேலாளர்களை உருவாக்குதல் ஆகியவற்றைப் பற்றி ஆராய்ந்து பரிந்துரைக்கும் பணியே அவருடையது. இன்றைய வழக்கில் அதனை மனிதவள மேம்பாடு என்போம். ஆணையிடும் அதிகாரம் இல்லாதவர் பிறரை இணங்கவைத்தே எதையும் செய்ய முடியும். இணங்கவைத்தல் என்னும் சொல் அவருடைய கோட்பாட்டில் நடுநாயகமாக நிற்பதற்கு அவருடைய சமயப் பற்று மட்டும் காரணமன்று. இந்தப் பணியிட அனுபவமும் காரணமாகும்.

பெல் குழுமம் அக்காலத்தில் மனித உறவுகள் பற்றிய ஆய்வுகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. பணியாளர் உளவியலின் தொடக்கமாகக் கருதப்படும் ஹாதோர்ன் ஆய்வுகள் (1924–1932) வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஆலையிலேயே நடைபெற்றன. மேலாண்மைச் செவ்வியல் நூல்களுள் ஒன்றை 1938 இல் எழுதிய செஸ்டர் பர்னார்டு, குழுமத்தின் நியூ செர்சி நிறுவனத் தலைவராக இருந்தவர்.

மதிப்பீட்டு மையம்

கிரீன்லீஃபின் பொறுப்பில் இருந்த ஆய்வுப் பிரிவு செய்தவற்றுள் நீடித்த பயன் அளித்தது, உளவியலாளர் டக்ளஸ் பிரேயை அழைத்து 1956 இல் தொடங்கிய மேலாளர் வளர்ச்சி ஆய்வாகும். நிறுவனத்தில் சேர்ந்த இளம் மேலாளர்கள் 422 பேரைத் தொடக்கத்திலேயே விரிவாக மதிப்பிட்டு, அவர்களுடைய வாழ்க்கை எத்திசையில் செல்கிறது எனப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பது இதன் நோக்கம். இரண்டாம் உலகப் போரின்போது உளவுப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட சில முறைகள் இதில் எடுத்தாளப்பட்டன.

பங்கேற்பாளர்கள் சில நாட்கள் ஓரிடத்தில் தங்கவைக்கப்பட்டனர். ஒருவரிடம் மேலாளர் ஒருவரின் மேசையில் குவிந்திருக்கும் கடிதங்களும் குறிப்புகளும் கட்டாகக் கொடுக்கப்படும். குறித்த நேரத்துக்குள் அவற்றின் மீது முடிவெடுக்க வேண்டும். வேறொரு பயிற்சியில், தலைவர் என எவரும் அமர்த்தப்படாத குழு ஒன்று ஒரு சிக்கலை விவாதித்துத் தீர்க்க வேண்டும். நேர்காணல், எழுத்துத் தேர்வு ஆகியனவும் உண்டு. பயிற்சி பெற்ற நோக்கர்கள் பலர் தனித்தனியே குறிப்பெடுத்துப் பின்னர் கூடிப் பேசி மதிப்பீட்டை முடிவுசெய்வர். இம்முறைக்கு மதிப்பீட்டு மையம் என்று பெயர். 'மையம்' என்பது இங்கு கட்டடத்தைக் குறிக்காது, முறையையே குறிக்கும்.

இந்த ஆய்வின் முடிவுகள் பங்கேற்றோரின் மேலதிகாரிகளுக்குக் காட்டப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. காட்டியிருந்தால், நல்ல மதிப்பீடு பெற்றவர் அதனாலேயே பதவி உயர்வு பெற்றிருக்கக்கூடும். மதிப்பீடு சரியா என அறிய வழியிருந்திருக்காது. பல ஆண்டுகளுக்குப் பின் முடிவுகளை ஒப்பிட்டபோது, மதிப்பீட்டு மையத்தின் கணிப்புகள் உண்மையான பதவி உயர்வுகளோடு பெருமளவு பொருந்தின. இதன் பின்னர் இம்முறை பிற நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலும் பரவி, இன்றும் பல நாடுகளில் வழக்கில் உள்ளது. 422 பேரும் ஆண்கள் என்பதையும் இங்கேயே குறிப்பிட வேண்டும். இதன் பொருள் கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

ஓய்வும் ஆலோசனைப் பணியும்

1964 இல் கிரீன்லீஃப் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் பயன்முறை அறவியல் மையம் என்ற சிறிய அமைப்பை நிறுவினார். 1985 இல் அது அவருடைய பெயராலேயே கிரீன்லீஃப் மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஓய்வுக்குப் பின்னர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் எழுதியும் ஆலோசனை வழங்கியும் வந்தார். ஃபோர்டு அறக்கட்டளை, லில்லி அறக்கட்டளை, மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் ஆகியவை அவருடைய ஆலோசனையைப் பெற்ற அமைப்புகளுள் சில.

1960களின் இறுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவர் கிளர்ச்சிகளால் குலைந்திருந்தன. வியட்நாம் போர், இனப்பாகுபாடு ஆகியவற்றை எதிர்த்த மாணவர்கள் எல்லா வகை அதிகாரத்தையும் ஐயத்தோடு நோக்கினர். நிருவாகிகளோ கட்டடங்கள் முற்றுகையிடப்பட்டபோது செய்வதறியாது திகைத்தனர். ஆலோசகராகப் பல்கலைக்கழகங்களுக்குள் சென்றுவந்த கிரீன்லீஃப் இரு தரப்பையும் அருகிலிருந்து கண்டார். மாணவர்களிடம் அப்போது பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தவர் செருமானிய எழுத்தாளர் எர்மன் எசே. எசேயின் 1932 ஆம் ஆண்டுக் குறுநாவலான 'கிழக்கு நோக்கிய பயணம்' கிரீன்லீஃபுக்கு ஒரு திறவுகோலாக அமைந்தது.

அக்கதையில் ஒரு குழுவினர் ஆன்மிகப் பயணம் ஒன்றை மேற்கொள்கின்றனர். லியோ என்னும் ஏவலாள் அவர்களுடைய சுமைகளைத் தூக்குகிறான், பாடுகிறான், உடனிருக்கிறான். ஒருநாள் அவன் காணாமற்போகவே குழு பூசலிட்டுக் கலைகிறது. பயணம் பாதியில் நிற்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின், அப்பயணத்தை ஏற்பாடு செய்த சங்கத்தின் தலைவனே லியோ என்பதைக் கதைசொல்லி அறிகிறான். கிரீன்லீஃப் இக்கதையிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு வரிசைமுறையை. லியோ முதலில் தொண்டன். அதுவே அவன் இயல்பு. தலைமை அவனுக்கு வழங்கப்பட்டது. வழங்கப்பட்டதைத் திரும்பப் பெறவும் கூடும். முதலில் தலைவனாக விரும்பிப் பின்னர் இரக்கத்தாலோ உத்தியாலோ தொண்டு செய்பவன் வேறு. முதலில் தொண்டு செய்ய விரும்பி, அதன் தேவை கருதித் தலைமை ஏற்பவன் வேறு. 1970 இல் வெளியான 'தலைவனாகத் தொண்டன்' என்ற கட்டுரையின் அடிப்படை இதுவேயாகும்.

தமிழில் தலைவர், தொண்டர் ஆகிய இரு சொற்களும் அன்றாட அரசியல் வழக்கில் எதிரெதிர் நிலைகளைக் குறிப்பவை. எனவே, அவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததில் கிரீன்லீஃப் உணர்த்த விரும்பிய முரண் தமிழிலும் சேதமின்றி விளங்குகிறது.

தொண்டுத் தலைமையின் சோதனை

ஒருவர் உண்மையில் தொண்டுத் தலைவர்தானா என்பதை எவ்வாறு அறிவது? இதற்குக் கிரீன்லீஃப் முன்வைத்த சோதனை தலைவரைப் பற்றி எதையும் கேட்பதில்லை. அவரால் பணி செய்யப்படுவோர் மனிதர்களாக வளர்கின்றனரா, முன்பைவிட நலத்தோடும் அறிவோடும் சுதந்திரத்தோடும் தன்னாட்சியோடும் இருக்கின்றனரா, தாங்களும் பிறருக்குத் தொண்டு செய்பவர்களாக மாறக்கூடுமா என்று அது கேட்கிறது. சமுதாயத்தில் கடைநிலையில் இருப்போருக்கு நன்மை விளைகிறதா, குறைந்தது அவர்கள் மேலும் இழக்காமலாவது இருப்பார்களா என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறது. இச்சோதனை நடத்துவதற்கு எளிதன்று என்பதைக் கிரீன்லீஃபே ஒப்புக்கொண்டார்.

தலைமைப் பண்புகளுள் செவிமடுத்தலை அவர் முதன்மையாக வைத்தார். எடுத்துக்காட்டாக, அவருடைய கட்டுரையில் பெயர் சுட்டப்படாத நிருவாகி ஒருவரைப் பற்றிய செய்தி வருகிறது. நடத்துவதற்குக் கடினமான பொது நிறுவனம் ஒன்றின் பொறுப்பை ஏற்ற அவருக்கு நடப்பவை மனநிறைவு தரவில்லை. மூன்று மாதங்களுக்குச் செய்தித்தாள் படிப்பதையும் வானொலிச் செய்தி கேட்பதையும் அவர் நிறுத்திவிட்டார். உலகில் என்ன நடக்கிறது என்பதைத் தம் பணியின்போது சந்திப்பவர்கள் சொல்லியே அறிந்துகொள்வது எனத் தீர்மானித்தார். அம்மூன்று மாத முடிவில் அவருடைய நிருவாகச் சிக்கல்கள் தீர்ந்திருந்தன. இது எவருக்கும் பொருந்தும் மருந்தன்று. எனினும், பிறர் கூறுவதைக் கேட்டே ஆக வேண்டிய நிலைக்குத் தம்மைத் தாமே உட்படுத்திக்கொண்ட முறை கருதத்தக்கது.

செவிமடுத்தல் மென்மையான பண்பு என்றால், முன்னறிதல் குறித்த அவருடைய கருத்து கடுமையானது. வரப்போவதை முன்னறியும் வாய்ப்பிருந்தும் அறியத் தவறிய தலைவர் பின்னர் நெருக்கடியில் தவறான முடிவெடுக்க நேர்ந்தால், அது அந்நேரத்துத் திறமைக் குறைவு அன்று. முன்பே நிகழ்ந்துவிட்ட அறப்பிழை என்றார் அவர். செயலாற்றும் சுதந்திரம் இருந்த காலத்தில் செயலாற்றாததே குற்றம். அதே கடுமையோடு, தலைமை ஏற்கத் தகுதியும் தொண்டுள்ளமும் கொண்டிருந்தும் ஒதுங்கி நிற்கும் நல்லவர்களையே நல்ல சமுதாயத்தின் எதிரி என அவர் கூறினார். தீயவர்களையும் அறிவிலிகளையும் அவர் இவர்களுக்கு அடுத்த நிலையிலேயே வைத்தார்.

ஜான் உல்மன்

கிரீன்லீஃப் நியூயார்க் வாழ்வின்போது 'நண்பர்கள் சமயச் சங்கம்' எனப்படும் குவேக்கர் கிறித்தவப் பிரிவில் சேர்ந்தவர். அப்பிரிவின் வரலாற்றிலிருந்தே அவர் தம் விருப்பத்துக்குரிய எடுத்துக்காட்டைப் பெற்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குவேக்கர்களுள் வசதி படைத்தோர் பலர் அடிமைகளை வைத்திருந்தனர். ஜான் உல்மன் (1720–1772) என்னும் தையற்காரர் இதனை ஒழிப்பதைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார். அவர் கூட்டம் கூட்டிக் கண்டிக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று அடிமை உடையோரின் இல்லங்களில் தங்கி, ஒருவரிடம் ஒரு நேரமாகப் பேசினார். அடிமையை வைத்திருப்பது உங்களை எத்தகைய மனிதராக ஆக்குகிறது, உங்கள் பிள்ளைகளுக்கு எதனை விட்டுச் செல்கிறீர்கள் என்ற வகையில் அவருடைய கேள்விகள் அமைந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்பணி நீண்டது. 1776 இல் பிலடெல்பியா ஆண்டு மன்றம் உறுப்பினர்கள் அடிமை வைத்திருப்பதைத் தடைசெய்தது. அதைக் காண உல்மன் உயிரோடு இல்லை. நாடு முழுவதும் அடிமை முறை ஒழிய உள்நாட்டுப் போர் தேவைப்பட்டதை எண்ணுங்கால், இணங்கவைத்தலின் ஆற்றலுக்கு இது வலுவான சான்று என்பது கிரீன்லீஃபின் வாதம். உல்மன் வற்புறுத்தாமல் காத்திருந்த முப்பது ஆண்டுகளும் அடிமைகளுக்கு எவ்வாறு கழிந்தன என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை.

நிறுவனமும் தொண்டனாகலாம்

1972 இல் வெளியான 'தொண்டனாக நிறுவனம்' என்னும் இரண்டாவது கட்டுரை முதலாவதைவிடக் குறைவாகவே படிக்கப்படுகிறது. ஆனால் நிறுவன அமைப்புப் பற்றிப் படிப்போருக்கு இதுவே கூடுதல் பயன் தரும். ஒருவர் மற்றவரிடம் காட்டும் பரிவு முன்பு நேரடியாக நிகழ்ந்தது. இப்போது பெரும்பாலும் நிறுவனங்களின் வழியாகவே நிகழ்கிறது. எனவே நிறுவனத்தின் கட்டமைப்பையே மாற்ற வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

கூம்பு வடிவ அமைப்பின் உச்சியில் ஒருவரை மட்டும் அமர்த்தும் வழக்கத்தை அவர் இதில் தாக்கினார். உச்சியில் இருப்பவருக்குச் சக பணியாளர் எவருமில்லை, கீழ்ப்பணிபுரிவோர் மட்டுமே உண்டு. அவரை வந்தடையும் செய்தி யாவும் வடிகட்டப்பட்டே வருகிறது. அவருடைய கருத்தை எவரும் நேருக்கு நேர் மறுப்பதில்லை. பொறுப்புச் சுமை அவரை அழுத்த, தாம் அனைத்தும் அறிந்தவர் என்ற நடிப்பை மேற்கொள்ள வேண்டியுள்ளது. இதற்கு மாற்றாக, நிகரானவர்களைக் கொண்ட குழுவே தலைமை ஏற்க வேண்டும் எனவும், அவர்களுள் ஒருவர் நிகரானவர்களுள் முதல்வராக மட்டும் இருக்க வேண்டும் எனவும் அவர் பரிந்துரைத்தார். இது பண்டைய உரோமானியர் அறிந்த ஏற்பாடு. அறங்காவலர் குழுவும் ஆண்டுக்குச் சிலமுறை கூடிக் கையொப்பமிடும் குழுவாக இராமல், தனக்கெனத் தகவல் பெறும் வழியை வைத்துக்கொண்டு நிருவாகத்தைக் கண்காணிக்க வேண்டும் என்றார். கட்டுரைகளின் தொகுப்பு 'தொண்டுத் தலைமை' என்னும் பெயரில் 1977 இல் நூலாக வெளிவந்தது.

தாக்கம்

டெக்சசு மாநிலத்தின் டாலசு நகரில் குளிர்சாதனப் பணிகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் டி.டி. இண்டசுட்ரீசு நிறுவனம், தொண்டுத் தலைமையை நீண்டகாலம் நடைமுறைப்படுத்திய நிறுவனமாக அடிக்கடி சுட்டப்படுகிறது. அதன் நிறுவனர் ஜாக் லோ 1970களில் கிரீன்லீஃபின் கட்டுரையைப் படித்து, ஊழியர்களைச் சிறு குழுக்களாகத் தம் வீட்டுக்கு அழைத்து அதனைப் பற்றி விவாதிக்கச் செய்தார். 

மேலாண்மைப் பாடநூல்களில் தொண்டுத் தலைவரின் பத்துப் பண்புகள் என ஒரு பட்டியல் காணப்படும். இது கிரீன்லீஃப் எழுதியதன்று. அவருடைய மையத்தின் தலைவராக இருந்த லேரி ஸ்பியர்சு, கிரீன்லீஃபின் எழுத்துகளிலிருந்து 1990களில் தொகுத்தது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்வது நலம்.

மென்பொருள் துறையிலும் இச்சொல் புழங்கியது. ஸ்க்ரம் என்னும் பணிமுறையின் வழிகாட்டி நூல், குழுவுக்கு உதவும் ஸ்க்ரம் மாஸ்டரைத் தொண்டுத் தலைவர் என்றே 2017 ஆம் ஆண்டுப் பதிப்பில் வரையறுத்தது. 2020 ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல் நீக்கப்பட்டு, தொண்டு செய்யும் உண்மைத் தலைவர்கள் என்ற பொருளில் மாற்றப்பட்டது. கூட்டத்துக்கு நேரம் குறிப்பதும் அறை பிடிப்பதுமே தொண்டு எனப் பல நிறுவனங்களில் பொருள் கொள்ளப்பட்டதை அறிந்தோருக்கு இம்மாற்றம் வியப்பளிக்காது.

விமர்சனங்கள்

கிரீன்லீஃப் தம் கருத்தைத் துல்லியமாக வரையறுக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் பொதுவான குறை. தம் எழுத்தை ஆய்வுக் கோட்பாடாக அவர் கருதவில்லை; உள்ளுணர்விலிருந்து பிறந்ததாகவே கூறினார். தொண்டன் என்னும் சொல்லும் கேள்விக்கு உள்ளாகியுள்ளது. தொடர்பியல் ஆய்வாளர் டெபரா ஐக்கர்-காட் 2005 இல் எழுதிய பெண்ணியத் திறனாய்வில், நடுநிலையானது போல் தோன்றும் இச்சொற்சேர்க்கை ஆணாதிக்க அமைப்பையே நிலைநிறுத்துகிறது என வாதிட்டார். அதிகாரம் உடைய ஒருவர் தம்மைத் தொண்டன் என அழைத்துக்கொள்வது பெருந்தன்மையாகத் தோன்றும். ஏற்கனவே ஏவலாளாக நடத்தப்படுபவருக்கு அதே சொல் வேறு பொருள் தரும்.

இதனினும் வலுவான கேள்வி கிரீன்லீஃபின் சொந்த நிறுவனத்திலிருந்தே எழுகிறது. அந்நிறுவனத்தில் பெண்களையும் கறுப்பினத்தவரையும் மேல்நிலைப் பணிகளுக்குக் கொண்டுவர அவர் முயன்றதாக அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. ஆனால் அவர் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகளுக்குப் பின், அவருடைய கட்டுரை வெளியான அதே 1970 இல், அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் ஏ.டி. அண்ட் டி. மீது நடவடிக்கை எடுத்தது. நிறுவன ஊழியர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். தொலைபேசி இணைப்பகப் பணியாளர்கள் ஏறத்தாழ அனைவரும் பெண்கள். கம்பத்தில் ஏறும் பணி முதல் மேலாண்மைப் பதவி வரை, நல்ல ஊதியம் தந்தவை பெரும்பாலும் ஆண்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன என்று ஆணையம் குற்றஞ்சாட்டியது. 1973 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நிலுவை ஊதியமாகவும் ஊதிய உயர்வாகவும் பல மில்லியன் டாலர் வழங்கவும் பணியமர்த்தும் முறைகளை மாற்றவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் செவிமடுத்தலும் இணங்கவைத்தலும் செய்யாததை, ஓர் ஆணையமும் ஒரு சட்டமும் மூன்று ஆண்டுகளில் செய்தன என இதைப் படிக்கலாம். ஒரு தனி ஆய்வாளரின் மீது முழுப் பழியையும் சுமத்துவது முறையன்று எனவும் வாதிடலாம். எவ்வாறாயினும், கடைநிலையில் இருப்போர் என்ன ஆகின்றனர் என்ற கிரீன்லீஃபின் சோதனையில் அவர் வாழ்நாளெல்லாம் பணிபுரிந்த நிறுவனம் தேறவில்லை. உடன்பாட்டுக்குப் பின்னர், மேலாண்மைப் பதவிகளுக்குத் தகுதியுள்ள பெண் ஊழியர்களை அடையாளங்காண நிறுவனம் பயன்படுத்தியது, 1956 இல் ஆண்களை மட்டும் கொண்டு தொடங்கிய அதே மதிப்பீட்டு மைய முறையையே.

தொண்டுத் தலைமையை அளவிட இயலாது என்ற குறையை நீக்கவும் முயற்சிகள் நடந்துள்ளன. 2008 இல் ராபர்ட் லைடனும் அவருடன் பணியாற்றியோரும் 28 வினாக்களைக் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். இதில் விடையளிப்பவர் தலைவர் அல்லர். அவருக்குக் கீழே பணிபுரிபவர்.

இறுதிக்காலம்

கிரீன்லீஃபும் மனைவி எஸ்தரும் முதுமையில் பென்சில்வேனியாவிலுள்ள குவேக்கர் முதியோர் குடியிருப்பில் வாழ்ந்தனர். 1990 இல் இறந்த பின் அவருடைய உடல் டெர ஹோட்டில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறை வாசகத்தை அவரே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார். நல்ல குழாய்ப் பணியாளராக வந்திருக்கக்கூடிய ஒருவர் மேம்பட்ட கல்வியால் கெட்டுப்போனார் என்பது அதன் பொருள்.